பதினாறாம் நாளுக்குப் பிறகு

அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த கல்லூரி மாணவர் வீட்டில் இருக்கும்வரை துக்கத்துக்கு ஓர் இடம் உண்டு. சொந்தபந்தம் சூழ்ந்திருக்கும், அழுதால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பினால் எதிரே நிற்பவை இன்டர்னல் தேர்வும், எழுதாமல் விட்ட ரெக்கார்டு நோட்டும், 75 சதவீத வருகைப்பதிவுக் கணக்கும்தான்.

துக்கம் முதலில் கை வைப்பது தூக்கத்திலும் கவனத்திலும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் மனதில் ஏறாது. அரியர் விழும்போது ஆசிரியர்கள் அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரவு மெஸ்ஸிலிருந்து வந்து மற்றவர்கள் வீட்டுக்கு போன் பேசும் நேரம் பலருக்கு மிகக் கொடியது. குடும்பத்தில் மூத்தவராக இருந்துவிட்டால் தம்பி, தங்கையின் படிப்புச் செலவும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

துக்கத்தின் கட்டங்களாகச் சொல்லப்படும் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைப் பார்த்துத்தான். துக்கப்படும் எல்லோரும் அதே வரிசையில் போகவேண்டும் என்பதில்லை. ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் இருவரும் 1999இல் சொன்ன விளக்கம் மாணவர்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது: மனம் இழப்பை நினைத்து அழுவதற்கும் அன்றாட வேலைக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கும். பகலில் லேபில் சிரித்துப் பேசியவர் இரவில் போர்வைக்குள் அழுவது நடிப்பல்ல. ஆறுதல் அப்படித்தான் மெல்ல வருகிறது.

பைக் விபத்தில் நண்பனை இழந்தவருக்கும், வளர்த்த ஆயாவை இழந்தவருக்கும் பெற்றோரை இழந்தவருக்குக் கிடைக்கும் அனுதாபம்கூடக் கிடைப்பது அரிது. ஊர் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் விரிவாக எழுதினார்.

அறைத்தோழர்கள் பெரிதாக ஒன்றும் பேசவேண்டியதில்லை. கூட உட்கார்ந்து சாப்பிடுவதும், விட்டுப்போன நோட்ஸை எடுத்துவைப்பதும் போதும். கல்லூரிக்குத்தான் பொறுப்பு அதிகம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குத் துக்க விடுப்பு விதியே இருக்கிறது. நம் கல்லூரிகளும் அதைக் கொண்டுவர வேண்டும்.

ஆறு மாதங்களைத் தாண்டியும் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனிப் பாதிப்பாகக் குறிக்கிறது. அப்போது மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.