நஞ்சைப் பிடித்து வைக்கும் முந்திரிக் கரி

விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்த மண்பாண்டம் உடையும்போது, ஓட்டின் நடுவே கருப்பாக ஒரு பட்டை தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் கலந்திருந்த இலைதழை போதிய காற்று கிடைக்காமல் வெந்து, சாம்பலாகாமல் கரியாக நின்றதன் அடையாளம் அது. பாண்டத்துக்கு அது குறை. ஆனால் முந்திரிக் கவாத்துக் கழிவை அதேபோல் காற்றைக் குறைத்து எரித்தால் 'பயோசார்' எனப்படும் உயிர்க்கரி கிடைக்கும். மாசுபட்ட மண்ணைச் சீராக்க அது உதவும்.

சூளைச் சாம்பலும் உயிர்க்கரியும் ஒன்றல்ல. சாம்பலில் நுண்துளைகள் கிடையாது. நிலக்கரி எரித்த சாம்பலில் கன உலோகங்களும் இருக்கலாம். இலவசமாகக் கிடைக்கிறதே என்று வயலில் கொட்டாதீர்கள்.

கரியின் நுண்துளைகளைப் பிரித்து விரித்தால், நன்கு வெந்த ஒரு கிராம் கரியிலேயே பல நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கக்கூடும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் பூச்சிக்கொல்லி எச்சங்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். முந்திரி விளையும் செம்மண் பெரும்பாலும் அமிலத் தன்மை உடையது. அமில மண்ணில் இந்த உலோகங்கள் எளிதில் கரைந்து வேருக்குள் போகும். கரி அமிலத்தைக் குறைப்பதால் இங்கு இரட்டைப் பலன். ஆனால் கரி நஞ்சை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது. மண் மீண்டும் அமிலமானால் ஒரு பகுதி விடுபடும்.

எல்லா மாசுக்கும் இது மருந்தல்ல. ராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்தது. அங்குள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கரி ஓரளவு மூன்று இணைதிறனுக்கு மாற்றி, நஞ்சைத் தணிக்கும். குவியலை அகற்றாமல் அது மட்டும் போதாது. நொய்யலின் கதை வேறு. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. சாயத்தைக் கரி உறிஞ்சும், நீரில் கரைந்த உப்பை உறிஞ்சாது. உப்பு நீருக்குக் கரி போடச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஆர்செனிக் உள்ள மண்ணில் கரி போட்டால் நஞ்சு இன்னும் கரையவும் வாய்ப்புண்டு.

எனவே முதலில் பரிசோதனை. மண்வள அட்டையில் ஈயம், காட்மியம், குரோமியம் இடம்பெறுவதில்லை. தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஓர் ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 850 டன். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு என்றாலே எட்டரை டன் கரி, அதற்கு முப்பது டன்னுக்கும் மேல் காய்ந்த விறகு. எந்தச் சிறு விவசாயிக்கும் இது கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து. கீரைப் பாத்திக்கு மட்டும் போடுங்கள். 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாத்திக்கு இரண்டு பங்கு வீதம் நாற்பது கிலோ போதும்.

தயாரிப்பு எளிது. மேலே அகன்று கீழே குறுகிய குழியை ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டுங்கள். அறுவடைக்குப் பின் கழிக்கும் காய்ந்த முந்திரிக் கிளைகளை அடியில் போட்டு, குவியலின் மேற்புறம் தீ வையுங்கள். மேலே வெண்சாம்பல் படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். மேலே எரியும் தீ காற்றைத் தின்றுவிடுவதால் கீழே உள்ளது கரியாகவே நிற்கும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைக்க வேண்டும். உள்ளே கனல் மிச்சமிருந்தால் காலையில் சாம்பல்தான் இருக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டை மட்டும் இந்தக் குழியில் போடாதீர்கள். அதன் எண்ணெய் தோலைப் பொத்தலாக்கும், புகை கண்ணை எரிக்கும். வண்ணம் பூசிய பலகையும் கூடாது.

புதுக் கரி மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். எனவே பொடித்து, மக்கிய சாணத்துடன் கலந்து, ஈரம் காயாமல் இரண்டு வாரம் வைத்துப் பிறகு இடுங்கள். கரி இட்ட பாத்தியில் களை முளைக்கும் முன் தெளிக்கும் களைக்கொல்லி சரியாக வேலை செய்யாது. அதையும் கரி பிடித்துக்கொள்ளும், கைக்களைதான் வழி.

வாய்க்கால் நீரை வடிகட்டக் கரி மூட்டை வைப்பவர்கள் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். துளைகள் நிரம்பிய பின் அது வெறும் மூட்டை. நஞ்சு பிடித்த பழைய கரியைத் திரும்ப வயலில் போடவோ அடுப்பில் எரிக்கவோ கூடாது.