உஷார்! பாய் கட்டும்போதே தொடங்குகிறது ஆபத்து

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறீர்களா? பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறீர்களா? படகைத் தண்ணீரில் இறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நடுக்கடலில் ஒருவர் தத்தளிக்கிறார் என்றால், கரையில் அவர் அவசரமாகப் பாய் கட்டியதே பல நேரம் அதற்குக் காரணமாக இருக்கும்.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டினாரே, அந்த லேசர் வகைப் படகையே எடுத்துக்கொள்வோம். இப்போது அதன் பெயர் ஐஎல்சிஏ. ஒற்றை ஆள், ஒற்றைப் பாய், நீளம் 4 மீட்டர் சொச்சம், படகு உடலின் எடை சுமார் 59 கிலோ. 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றும். அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது.

முதலில் அண்ணாந்து பாருங்கள்

கூட்டிப் பொருத்திய பாய்மரம் சுமார் 6 மீட்டர் உயரம். அலுமினியமோ கார்பனோ, இரண்டிலும் மின்சாரம் பாயும். மரத்தை நிமிர்த்தும் இடத்துக்கு மேலேயும், அங்கிருந்து தண்ணீர் வரை படகைத் தள்ளிப்போகும் வழியிலும் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே மரத்தை நிமிர்த்தவே கூடாது. உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும். யாருடைய மரமாவது கம்பியில் பட்டுவிட்டால், படகையும் ஆளையும் தொடாதீர்கள். எல்லோரையும் விலகச் சொல்லி, மின் இணைப்பைத் துண்டிக்க உடனே தகவல் கொடுங்கள்.

படகின் மூக்கு காற்றைப் பார்க்கட்டும்

லேசரில் பாயைக் கயிறு இழுத்து ஏற்றுவதில்லை. தலையணைக்கு உறை மாட்டுவது போல, படுத்திருக்கும் மரத்தின் மேல் பாயை மாட்டி, இரண்டையும் சேர்த்தே தூக்கி நிறுத்த வேண்டும். தூக்கும்போதே பாய் காற்றைப் பிடித்துவிடும். எனவே இருவர் சேர்ந்து தூக்குங்கள். படகின் முன்முனை காற்று வரும் திசையை நேராகப் பார்த்து நிற்கட்டும். பக்கவாட்டில் காற்று அடித்தால், தள்ளுவண்டியில் இருக்கும் படகு கரையிலேயே கவிழும்.

பூம் எனப்படும் குறுக்குக் கட்டை மாட்டியதும் பாய் படபடக்கும், கட்டை இருபுறமும் வீசும். அதன் வீச்சில் தலையைக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பாயை இயக்கும் மெயின்ஷீட் கயிறு எந்தப் பிடிப்பிலும் மாட்டாமல் தாராளமாக ஓட வேண்டும். கட்டையைக் கீழே இழுக்கும் வாங் கயிறும் கரையில் தளர்ந்தே இருக்கட்டும்.

மறந்தால் மன்னிப்பில்லாத ஐந்து

ஒன்று, தண்ணீர் வடியும் துளையின் அடைப்பான். அது இல்லாமல் போனால் படகின் வயிறு மெல்ல நிரம்பும், கரையை விட்டு வெகுதூரம் போன பிறகே உங்களுக்குத் தெரியும்.

இரண்டு, மரம் இறங்கும் குழி. அதில் மணல் கிடந்தால் மரம் சுழலச் சுழல அடியை அரைத்துவிடும். மணலைக் கழுவிவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மட்டம் இறங்கினால் குழி கசிகிறது, அந்தப் படகு வேண்டாம்.

மூன்று, மரத்தைத் தளத்தோடு பிணைக்கும் கயிறு. அது இல்லையென்றால் படகு கவிழும்போது மரம் குழியிலிருந்து உருவிக்கொள்ளும். பாதி உருவிய மரம் நெம்பினால் தளமே உடையும்.

நான்கு, படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையும் சுக்கானும். கவிழ்ந்த படகை நிமிர்த்த அந்த நடுப்பலகையில்தான் ஏறி நிற்க வேண்டும். இழுகயிறு போட்டு அதைக் கட்டுங்கள். அது நழுவிப் போனால் படகை நிமிர்த்த வழியில்லை. சுக்கான் கழன்றுவிடாமல் தடுக்கும் கிளிப்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

ஐந்து, மெயின்ஷீட்டின் நுனியில் எட்டு வடிவ முடிச்சு. அது இல்லாவிட்டால் கயிறு கப்பிகளை விட்டு உருவி ஓடும். பாய் உங்கள் கையில் இராது.

பெரிய பாய்க்கு ஆசைப்படாதீர்கள்

ஒரே படகு உடலுக்கு 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்கள் உண்டு. புதியவர் சிறியதிலிருந்தே தொடங்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மேல் அதன் விசை நான்கு மடங்காகும். காலையில் அடக்கமாக நின்ற பாய், கடற்காற்று ஏறியதும் அடங்காது. கடலில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் காற்று 11 நாட் (மணிக்கு 11 கடல் மைல்) வேகத்தை எட்டிவிட்டது என்று பொருள். பழகாத கைக்கு அது வேண்டாம்.

சென்னைக் கரையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தென்மேற்குப் பருவ மாதங்களின் காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். கரையோரத் தண்ணீர் தட்டையாக, பரம சாதுவாகத் தெரியும். ஆனால் ஒரு கயிறு அறுந்தாலும் அந்தக் காற்று உங்களை வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். துணைப் படகு இல்லாமல் அந்தக் காற்றில் இறங்கவே இறங்காதீர்கள்.

உயிர்காப்புச் சட்டையைப் பாய் கட்டத் தொடங்கும் முன்பே போட்டு, கொக்கிகளை மாட்டிவிடுங்கள். கட்டி முடித்ததும் அனுபவசாலி ஒருவரை அழைத்து, ஒவ்வொரு முடிச்சையும் அவர் கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒரு முடிச்சில் சந்தேகம் இருந்தாலும் அன்றைக்குப் படகு கரையிலேயே இருக்கட்டும். காற்று நாளைக்கும் வீசும், உங்கள் உயிர் ஒன்றுதான்.