நாட்டுத் துப்பாக்கியும் இன்லைனும்

நம்ம சிவகங்கைப் பக்கம் நரிக்குறவர்கள் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியைப் பலர் பார்த்திருப்பீர்கள். கரிமருந்து, பால்ரஸ் குண்டு எல்லாம் குழலின் வாய் வழியாகத்தான் உள்ளே போகும். சுத்தியல் பக்கவாட்டில் உள்ள கேப்பை அடிக்கும். நெருப்பு ஒரு வளைவு திரும்பித்தான் மருந்தைத் தொடும். கரி அடைத்தாலோ ஈரம் பட்டாலோ வெடிக்காது.

1985இல் அமெரிக்காவின் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85 அந்த வளைவை எடுத்துவிட்டது. கேப் குழலுக்கு நேர் பின்னால். பொறி நேராக மருந்துக்குள். இன்லைன் என்றால் அவ்வளவுதான். குழலின் பின்பக்க அடைப்பைக் கழற்றலாம், கழுவுவதும் சுலபம்.

குறி பார்த்துச் சரிசெய்வது நம்ம டீபக்கிங் மாதிரிதான். மருந்தின் அளவு, குண்டு இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றி மூன்று முறை சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் குழலைத் துடைக்கணும். இல்லாட்டி படிந்த கரியே முடிவை மாற்றிவிடும்.

அங்கே இதற்கென்றே வேட்டைப் பருவம் உண்டு. இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்கு இந்த வகைத் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சரி, காக்க வயலே இல்லாத, வேட்டையையே தொழிலாகக் கொண்டிருந்தவர்களுக்கு? பாசிமணிதான் மிச்சம்.