கிரகணம்: பார்க்கவும் படமெடுக்கவும்

2019 டிசம்பர் 26 காலை சுமார் 9.30 மணிக்குத் திருச்சியில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அருகிலுள்ள பெரம்பலூர், அரியலூரிலும் அதன் பெரும்பகுதி மறைந்தது. வளையமே ஆனாலும் வெறும் கண்ணால் பார்ப்பது ஆபத்து. விழித்திரைக்கு வலி தெரியாது. அது கருகுவது உடனே உறைக்காது. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், மஞ்சள் கரைத்த நீர் எதுவும் காக்காது. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக் கண்ணாடியோ, 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடியோ தேவை. படமெடுக்க, சூரிய வடிகட்டியை லென்சின் முன்பக்கம் பொருத்த வேண்டும். கிரகணக் கண்ணாடி அணிந்துகொண்டு வடிகட்டியில்லாத லென்ஸ் வழியே பார்க்கவே கூடாது. குவியும் வெப்பம் கண்ணாடியையும் பொசுக்கிவிடும். எல்லாவற்றிலும் எளியது வேப்பமர நிழல். இலை இடுக்குகளில் விழும் ஒளிப்பொட்டுகள் தரையெங்கும் பிறைச் சூரியன்களாகும். செல்போனிலேயே அவற்றைப் படமெடுக்கலாம். 2031 மே 21இல் தென்தமிழகத்தில் வளையம் மீண்டும் தெரியும்.