படுவான்கரையின் உறைப்பு

நண்டுக்கறி அகப்படாத சாப்பாட்டுக்கடை மட்டக்களப்புப் பட்டணத்தில் அரிது. ஆயினும் அதன் பூரண ருசியை அறிய விரும்புகிறவர்கள் வலையிறவுப் பாலத்தையோ, 2014ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தையோ கடந்து, வாவிக்கு மேற்கிலுள்ள படுவான்கரைக்குப் பிரயாணம் செய்யவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். வயல்வெளிகளுக்கும் கண்டற் காட்டுக்கும் நடுவே, கிடுகுக் கூரையும் நாலைந்து வாங்குகளுமாக, பெயர்ப்பலகைகூட இல்லாமல் நிற்கும் அச்சிறு கடைகளை அடுப்புப் புகையைக் கொண்டும் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுமே கண்டுகொள்ள வேண்டியிருக்கும்.

இவ்வளவு தூரம் போவானேன் என்றால், காரணம் நண்டின் சுபாவத்திலேயே இருக்கிறது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியில், முகத்துவாரத்தின் வழியே ஏறும் கடல்நீரும் மாரிவெள்ளமும் கலந்து உவர்நீராகும் இடங்களில், கண்டல் வேர்களின் அடியிலே சேற்று நண்டு வளருகிறது. அது இறந்த மாத்திரத்தில் அதன் வயிற்றிலுள்ள சீரண ரசங்களே சதையைக் கரைக்கத் தொடங்கிவிடுவதால், உயிரோடு சட்டிக்கு வராத நண்டு எத்தனை மசாலை சேர்த்தாலும் தேறுவதில்லை. கரையோரத்துக் கடைக்கோ, விடியற்காலையில் தோணியிலிருந்து இறங்கிய நண்டு, கால்கள் கட்டுண்டு, ஈரச்சாக்கின் கீழே உயிரோடு காத்திருக்கிறது.

நான் சென்ற கடையில் சமையலை அருகிருந்து பார்க்க அனுமதித்தார்கள். வறுத்த கொச்சிக்காய், மல்லி, மிளகு, சீரகம் ஆகியவற்றை அம்மியில் அரைத்து, பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூவையும் ஒரு பிடி அரிசியையும் தனியே அரைத்து வைத்துக்கொண்டு, ஓடு நீக்கி இரண்டாகப் பிளந்த நண்டையும், உறைப்பு உள்ளிறங்கும்படி அம்மிக்குழவியால் தட்டி உடைத்த பெருங்கால்களையும் மண்சட்டியிலிட்டு, முதலில் கப்பிப்பாலில் அவியவிட்டார் கடைக்கார அம்மா. முதற்பால் கடைசியில்தான் சேர்ந்தது; அதன்பின் ஒரு கைப்பிடி முருங்கையிலை. சிவப்பரிசிச் சோற்றில் அக்குழம்பைக் குழைத்து வாயிலிட்டபோது முதலில் தேங்காயின் இனிமையும், அதன்பின் மிளகும், சிறிது தாமதித்துக் கொச்சிக்காயும் வந்து, நெற்றியும் மூக்கும் ஒருங்கே நீர் சிந்தின. "சொதி கொஞ்சம் ஊத்தட்டா மனே?" என்று கேட்டவரின் குரலில் பரிவு இருந்ததே தவிர வியப்பு இல்லை.

இந்நாட்டு உறைப்பில் மூத்தது மிளகே. அமெரிக்கக் கண்டத்துக் கொச்சிக்காய் போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே இப்பக்கம் பரவியது. அவர்கள் மட்டக்களப்பிலே கோட்டை கட்டியது 1628இல். பழையதைத் தள்ளிவிடாமல் புதியதையும் ஏற்று, இரண்டையும் ஒரே அம்மியில் சேர்த்த பெண்களின் மதிநுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கொச்சிக்காயின் எரிவுக்குக் காரணம் கப்சைசின் என்னும் பொருள். சூட்டை உணரும் நரம்புகளையே அது தூண்டுவதனால், உண்மையில் வெந்துபோகாத நாக்கு வெந்ததாக மூளைக்குச் செய்தி போகிறது. அந்நரம்புகளிலுள்ள இவ்வுணர்வு வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்பொருள் நீரில் எளிதாகக் கரையாது. ஆகையால் தண்ணீரைக் குடங்குடமாகக் குடித்தாலும் எரிவு தணியாது. பாலிலுள்ள புரதமோ அதைப் பற்றி அகற்றிவிடும். இதற்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை: அதே படுவான்கரையின் மேய்ச்சல் தரைகளில் திரியும் எருமைகளின் பாலை முட்டியில் உறையவைத்த கெட்டித் தயிர், சர்க்கரையோ தேனோ சேர்ந்து, சோற்றுக்குப் பின்னால் வந்துவிடுகிறது.

போகிறவர்கள் முதல்நாளே சொல்லிவைத்து, மதியத்துக்கு முன்னதாகவே சேர்ந்துவிடுவது நல்லது. நிலவு காலத்து நண்டில் சதை குறைவு என்பது மீனவர் வாக்கு என்பதால், அமாவாசையை அண்டிய நாளாகப் பார்த்துக்கொள்ளலாம். நண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, அடிவயிற்று ஓட்டைப் பெருவிரலால் அழுத்தி, அமுங்காமல் கெட்டியாக இருப்பதைத் தெரிந்து கொடுங்கள். அதைக் கடைக்காரர் தவறாக நினைக்கமாட்டார்.