நரி, பரி, கிரெடிட் கார்டு: கொலு குதிரை வாங்குறதுக்கு முன்னாடி

திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கீங்களா? அந்த 14 கிலோமீட்டர் பாதையில் அடி அண்ணாமலை வரும்போது ஒரு சின்ன மாணிக்கவாசகர் கோயில் இருக்கு. அவர் திருவெம்பாவை பாடினது இங்கேதான்னு சொல்வாங்க. கால் வலியில் நிறைய பேர் கவனிக்காம கடந்துடுவாங்க. ஆனா பண விஷயம் பேசுற நமக்கு அவர் ரொம்ப முக்கியமான ஆள்.

ஏன்னா அவர் கதையே ஒரு குதிரை பர்ச்சேஸ்தான். அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சர். குதிரை வாங்கிட்டு வாங்கன்னு ராஜா கஜானாவில் இருந்து பணம் கொடுத்து அனுப்புறார். இவர் திருப்பெருந்துறையில், அதாவது இன்னைக்கு இருக்கிற ஆவுடையார்கோயிலில், குருவைப் பார்த்து மொத்தப் பணத்தையும் கோயில் திருப்பணிக்கே செலவழிச்சுட்டார். (ஆபீஸ் அட்வான்ஸில் யாரும் இதை முயற்சி பண்ணாதீங்க.) ஆவணி மூலத்தன்னைக்கு குதிரை வரும்னு ராஜாவுக்குத் தகவல் சொன்னார். வந்துச்சு. சிவபெருமானே வியாபாரி வேஷத்தில், நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிட்டு வந்தார்.

பரஞ்சோதி முனிவரோட திருவிளையாடற் புராணம் இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் சொல்லுது. குதிரையை ஒப்படைக்கும்போது கயிறு மாத்துவாங்க. கயிறு கை மாறிட்டா அதுக்கப்புறம் குதிரைக்கு வாங்கினவர்தான் பொறுப்பு. நம்ம பாஷையில் நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட். அன்னைக்கு ராத்திரியே குதிரை எல்லாம் மறுபடி நரியாச்சு. அதோட போகல. லாயத்தில் ஏற்கெனவே இருந்த நல்ல குதிரைகளையும் கடிச்சுக் குதறிடுச்சு.

இந்தக் கதை இப்ப எதுக்குன்னா, நவராத்திரி வந்தா கடையெல்லாம் குதிரைதான். தசாவதார செட்டில் வெள்ளைக் குதிரையோட கல்கி, பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர், ஐயனார் குதிரை. எல்லாத்துக்கும் மேல, சித்ரா பௌர்ணமிக்கு தங்கக் குதிரையில் வைகையில் இறங்குற கள்ளழகர் செட். அழகர் எந்தக் கலர் பட்டு கட்டி வர்றார்னு பார்த்து அந்த வருஷம் எப்படி இருக்கும்னு மதுரை மக்கள் கணிப்பாங்க. பச்சைன்னா செழிப்பு. பொம்மையிலும் அந்தப் பச்சைப் பட்டைத் தேடி வாங்குறவங்க உண்டு. அழகான விஷயம், எனக்கும் பிடிக்கும். பிரச்சனை, "லிமிடெட் பீஸ் சார், சில வருஷத்தில் டபுள் ஆகும்"னு ஒருத்தர் சொல்லும்போதுதான் ஆரம்பிக்குது.

டபுள் ஆகவே ஆகாதான்னு கேட்டா, சில ஊர்ல சிலது விலை ஏறும். அமெரிக்காவில் ப்ரேயர்னு ஒரு கம்பெனி வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு ஹாலிடே ஹார்ஸ் விடுது. அந்த சீசனோட முடிஞ்சுடும். சேகரிக்கிறவங்க பழசைத் தேடுவாங்க, பெட்டி கசங்காம இருக்கான்னு கூட பார்ப்பாங்க. அதாவது திருப்பி வாங்க ஆள் இருக்கு. அப்படி இருந்தும் அந்த நாட்டிலேயே பீனி பேபீஸ் கதையும் நடந்துச்சு. 1990களில் அந்தத் துணி பொம்மைகளைப் படிப்புச் செலவுக்கு ஆகும்னு வாங்கிக் குவிச்சாங்க. 1999 டிசம்பர் 31-ஓட தயாரிப்பு நிறுத்தம்னு கம்பெனி அறிவிச்சு, அப்புறம் மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு வச்சு, மறுபடியும் தயாரிச்சாங்க. விலை விழுந்தது விழுந்ததுதான்.

இப்ப நம்ம கணக்கு. அழகர் செட் 6,000 ரூபாய்னு வைங்க. அதே காசை 7% வட்டியில் போட்டா 10 வருஷத்தில் சுமார் 11,800. மண் பொம்மைக்கு அந்த விலை கொடுக்கப் போறவர் யார்? பரணிலிருந்து இறக்கும்போது குதிரைக்கு ஒரு காது உடைஞ்சிருந்தா?

கார்டில் வாங்கி அப்புறம் கட்டிக்கலாம்னா இன்னும் மோசம். மாசம் 3.5% வட்டின்னா 210 ரூபாய், அது மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 248. நீங்க 300 கட்டினா அசலில் குறையுறது வெறும் 52 ரூபாய். லாயத்தில் இருந்த பழைய குதிரையை நரி கடிச்சது இதுதான்: உங்க எஸ்ஐபி-யை நிறுத்தி கார்டு பில் கட்டுவீங்க.

இன்னொரு எச்சரிக்கை. "பழைய ஐயனார் கோயில் மண் குதிரை, ஆன்டிக்"னு யாராவது காட்டினா கொஞ்சம் விலகி நில்லுங்க. புரவி எடுப்புக்கு ஊர்க்காரங்க பிடிமண் கொடுத்து, வேளார் செஞ்சு, நேர்த்திக்கடனா வைக்கிற குதிரை அது. வெயில்லயும் மழையிலயும் அங்கேயே கரையணும். விற்பனைக்கு வைக்கிறது இல்ல. 100 வருஷத்துக்கு மேல பழசுன்னா 1972-ம் வருஷத்து தொல்பொருள் சட்டமும் சேர்ந்து வரும்: சுடுமண் சிற்பத்தைப் பதிவு செய்யணும், வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது.

அப்ப கொலு குதிரை வாங்கவே கூடாதா? தாராளமா வாங்குங்க. வருஷம் ஒரு புது பொம்மையாவது வைக்கணும்ங்கிற பழக்கம் நல்ல பழக்கம், முடிஞ்சா விளாச்சேரி மாதிரி செய்யுற ஊருக்கே போய் வாங்குங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: நவராத்திரி தீபாவளிக்கு முன்னாடியே வந்துடும். வராத போனஸை நம்பித்தான் நிறைய பேர் கார்டைத் தேய்க்கிறாங்க. நவராத்திரிக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடியே மாசம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி ஆரம்பிங்க. குறைந்தபட்சம் ஆறு மாசம்னு பேங்கில் சொல்வாங்க. கொலுப்படி கட்டுற நேரத்தில் கையில் 3,000 ரூபாய் இருக்கும், அதுக்குள்ள எந்தக் குதிரை வருதோ அது.