வாசலை அடைத்து நின்ற கூட்டம்

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வரைக் குறித்து நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். வாசலை அடைத்து நின்ற கூட்டத்தைக் குறித்துப் பிரசங்கித்தது அரிது. மணிமுத்தாற்று அணையடி ஊர்களிலும், அவற்றைச் சூழ்ந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலும், கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்புமாறு கட்டடங்களை உயர்த்திக் கட்டுவதுண்டு. அவ்வாறு உயர்ந்த ஆலயத்துக்குச் சக்கர நாற்காலியில் வருபவரை இன்றும் நால்வரே தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. அன்புச் செயல்தான். ஆயினும் தூக்க ஆள் வராத ஞாயிறு அவருக்கு ஆராதனை இல்லாத ஞாயிறாகிறது.

சரிவுப்பாதை போதாதா எனலாம். இடமிருப்பின் அதுவே சிறந்தது. பழுதடையாது, மின்சாரமும் வேண்டாம். ஆனால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது ஏற்கப்பட்ட அளவு. 3 அடி உயர்ந்த தளத்துக்கு 36 அடிப் பாதை வேண்டும். இளைப்பாறச் சமதளமும் வேண்டும். படிக்கட்டின் ஓரத்தில் சிமெண்டைச் சரித்துப் பூசிவிட்டுக் கடமை தீர்ந்ததென எண்ணுகிறோமே, அத்தகைய சரிவில் துணையின்றி ஏறுதல் இயலாது, இறங்குதல் ஆபத்து.

இடம் போதாதவிடத்து உதவுவது மேடை மின்தூக்கியாகும். (இதனைத் 'தூக்குமேடை' என்றெழுதினால் பொருள் விபரீதமாகிவிடும்!) ஏறத்தாழ 3 அடி அகலமும் 4 அடிக்குக் குறையாத நீளமும் உள்ள தட்டு, திருகுதண்டினாலோ எண்ணெய் அழுத்தத்தினாலோ சில அடி உயர்கிறது. பொத்தானை அழுத்தியிருக்கும்வரைதான் நகரும். கையை எடுத்தால் நின்றுவிடும். மின்தடை ஏற்படின் கீழே இறங்க மின்கலம் இருத்தல் அவசியம். இயக்குபவர் அமர்ந்திருப்பவரே என்பதுதான் இதன் சிறப்பு. எனவே சாவியைக் கோயில்குட்டியாரிடம் கொடுத்து அலமாரியில் பூட்டிவைத்தால் நால்வருக்குப் பதில் ஒருவரை நம்பியிருக்க வேண்டும், வேறு மாற்றமில்லை.

வேனின் பின்புறத்தில் மடித்துவைக்கும் தட்டும் இவ்வகையதே. சென்னையில் 2024ஆம் ஆண்டு தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நம் பக்கத்துச் சிற்றூர்ப் பேருந்துகளிலோ படிகளே மிகுதி. வீடுகளில் மின்தூக்கியைவிட முதலில் கவனிக்க வேண்டியவை வாசற்படியும் குளியலறை நிலைப்படியுமாம்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், 1975ஆம் ஆண்டில் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981ஆம் ஆண்டில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு விபத்தில் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். இவ்விருவரும் உதவி பெறுவோராக மட்டும் நின்றுவிடவில்லை.

நம் ஆலயங்களிலோ, சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் குருவானவர் இறங்கிவந்து திருவிருந்தைக் கொடுக்கிறார். அது நல்ல வழக்கமே. ஆனால் அவரே வேதபாடம் வாசிக்கவோ, குருத்துவ அபிஷேகம் பெற்றுத் திருவிருந்தைப் பரிமாறவோ அழைக்கப்பட்டால், பீடத்தின் படிகளை எவ்வாறு கடப்பார்? மின்தூக்கியை வாசலில் மட்டும் வைப்பதாகத் திட்டமிடும் சேகரக் குழு, அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசற்படியோடு பீடப்படியின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்வது நலம்.